கனவுக் காரா, வீட்டுக் காரா? கோண்டாவில் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

கோண்டாவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 31. யாழ்ப்பாணம் நகரத்தில் வேலை. மனைவி ஆசிரியை, சாவகச்சேரிப் பக்கம் பாடசாலை. ஒன்றரை வயதில் ஒரு மகள். அப்பா அம்மா கூடவே இருக்கிறார்கள். அம்மாவுக்கு மாதம் ஒருமுறை பெரியாஸ்பத்திரியில் கிளினிக். வீட்டில் இப்போது நிற்பது ஒரு ஸ்கூட்டியும் ஒரு மோட்டார் சைக்கிளும். ஏழு வருடமாகச் சேர்த்த காசு ஒரு கார் வாங்கக் காணும், இரண்டு வாங்கக் காணாது.

பள்ளிக்கூட நாளில் அவருடைய கொப்பி மட்டையில் ஒட்டியிருந்த கார் மஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டு இருக்கைத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். அதில் ஒன்று, 1991ஆம் ஆண்டுச் சிவப்புக் கார், கொழும்பில் விலைக்கு நிற்கிறது. ஏறத்தாழ அதே விலைக்கு 2017 சுசுகி வேகன் ஆர் ஒன்றைத் திருநெல்வேலியில் தெரிந்த ஒருவர் விற்கப் போகிறார். எதை எடுப்பது என்பது கேள்வி. கடைசியில் நிறத்தைப் பற்றியும் கேட்டிருந்தார், அதற்குப் பிறகு வருகிறேன்.

தம்பி, வேகன் ஆரை எடுங்கள்.

இவ்வளவோடு நிறுத்தினால் நீங்கள் அடுத்த கிழமை கொழும்புக்குப் போய்ச் சிவப்புக் காரோடுதான் திரும்பி வருவீர்கள். எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் வந்தேன்.

அது 2012. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கொக்குவிலில் கராஜ் வைத்திருந்தேன். பதினாறு வயதில் ஒரு முதலாளியிடம் சாவி எடுத்துக் கொடுக்கிற பெடியனாகச் சேர்ந்து, ஏ போட்டியும் (ஒஸ்ரின் ஏ40) மொறிஸ் மைனரும் கழற்றிப் பூட்டித் தொழில் பழகியவன். வாகனம் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் புத்தி சொல்கிறவன். அப்படிப்பட்டவன் ஒரு எம்எக்ஸ்-5ஐக் கொழும்பில் ஒரு வீட்டு முற்றத்தில் கண்டதும், விலை பேசக்கூட மறந்துபோனேன்.

இரவு பத்து மணிக்குக் கொழும்பில் வெளிக்கிட்டேன். ஏ9 வீதியை அப்போது இன்னும் திருத்திக்கொண்டிருந்தார்கள். வவுனியாவுக்கு அங்கால் பல இடத்தில் கிரவலும் புழுதியும். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் நின்ற சிப்பாய் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, மூடியைத் திறந்து காட்டச் சொன்னான். சோதனைக்கு இல்லை, பார்க்கிற ஆசையில். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். ஆனையிறவில் விடிந்தது. கூரையை மடித்துவிட்டு அறுபதில் வந்தேன். இரண்டு பக்கமும் கடல்நீரேரி, உப்பு மணம், காலுக்குப் பக்கத்தில் எஞ்சின் சூடு. அந்த இருபது நிமிடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் அந்தக் காரைக் குறை சொல்கிறேன் என்று நினைக்கக் கூடாது.

எங்கள் வீட்டுப் படலை மதகில் அடிவயிறு உரசியது. நானூறு கிலோமீற்றர் ஓடி வந்த காரால் வளவுக்குள் ஏற முடியவில்லை. அண்டை வீட்டுக்காரர் இரண்டு பலகை கொண்டுவந்து போட்டார். அதற்குப் பிறகு பதினான்கு மாதமும் அந்தப் பலகைகள் மதகடியிலேயே கிடந்தன.

சரி, கார் என்ன கார் என்று பார்ப்போம். எம்எக்ஸ்-5 1989இல் சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் வெளிவந்தது. 1960களில் பிரித்தானியர்கள் செய்த இரண்டு இருக்கைத் திறந்த கார்களின் இன்பத்தை எடுத்து, அவற்றின் எண்ணெய் ஒழுக்கையும் வயரிங் கோளாறையும் விட்டுவிட்டு, யப்பான்காரர் செய்தது. ஒஸ்ரினோடும் மொறிஸோடும் வளர்ந்த எங்களுக்கு அந்த நகைச்சுவை நன்றாக விளங்கும். முதல் தலைமுறைக்கு 1597 சிசி எஞ்சின், ஏறத்தாழ 115 குதிரைவலு, எடை ஒரு தொன்னுக்குள். பாரம் முன்னுக்கும் பின்னுக்கும் கிட்டத்தட்டச் சரிபாதி. இழுப்பது பின்சில்லு. 2016இல் பத்து இலட்சமாவது காரைச் செய்துவிட்டார்கள். இரண்டு இருக்கைத் திறந்த ஸ்போர்ட்ஸ் காரில் அதற்கு மேல் விற்றது வேறு இல்லை.

இந்தக் காரின் விசேடம் வேகத்தில் இல்லை. இது நல்லதுதான், ஏனென்றால் எங்கள் வீதியில் காருக்கு ஊருக்குள் 50, ஊருக்கு வெளியே 70 தான் சட்டம். முந்நூறு குதிரைவலு உள்ள காரை ஏ9இல் எழுபதில் ஓட்டுவது, கலியாண வீட்டுக்குப் போய்த் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வருவது போன்றது. எம்எக்ஸ்-5 அப்படி இல்லை. நாற்பதில் திரும்பினாலே கை அறியும், இடுப்பு அறியும். ஆகவே உங்கள் ஆசையில் பிழை இல்லை. ஸ்போர்ட்ஸ் கார்களுக்குள் யாழ்ப்பாணத்துக்கு ஓரளவாவது பொருந்துவதைத்தான் தெரிந்தெடுத்திருக்கிறீர்கள். வேறொருவர் இதே இடத்தில் நிசான் ஸ்கைலைன் என்று எழுதியிருந்தால் நான் பதிலே எழுதியிருக்க மாட்டேன்.

ஆனால் அது வீட்டில் உள்ள ஒரே காராக இருக்கக் கூடாது. என் முழுப் பதிலும் அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது: ஒரே.

ஒரே காரென்றால் அது மழையிலும் வெளிக்கிட வேண்டும், பன்னிரண்டு மணி வெயிலிலும் வெளிக்கிட வேண்டும். கூரை மடித்து ஓட்டுவதென்றால் யாழ்ப்பாணத்தில் விடிய ஆறரைக்கு முன், பின்னேரம் ஐந்தரைக்குப் பின். இடையில் திறந்தால் தலை காய்ந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் மாரி. அப்போது கோண்டாவில் ஒழுங்கைகளில் வெள்ளம் எவ்வளவு நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்தக் கார் தரையில் இருந்து ஒரு சாணுக்கும் குறைவாகத்தான் நிற்கிறது. 

மூடினாலும் கரைச்சல் உண்டு. முதல் தலைமுறைக் காரின் மெதுகூரையில், அதாவது மடிக்கிற துணிக் கூரையில், பின் கண்ணாடி கண்ணாடியே அல்ல, பிளாஸ்ரிக் தாள். எங்கள் வெயிலில் அது மஞ்சளாகி, பிறகு வெடித்து, பின்னால் வருவது லொறியா மாடா என்று தெரியாத நிலைக்கு வரும். அப்புறம் மரங்கள். வளவில் எந்த மரத்துக்குக் கீழே விடுவீர்கள்? மாமரம் என்றால் பால் ஒழுகிப் பெயின்ற் போகும். தென்னை என்றால் சாதாரணக் காருக்குத் தகரம்தான் நெளியும். துணிக் கூரைக்கு ஒரு தேங்காய் போதும், நேரே இருக்கைக்கு வந்துவிடும். நான் தனியாக ஒரு கொட்டில் போட்டேன். அந்தச் செலவைக் காரின் விலையோடு நான் கூட்டவே இல்லை.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல், இது வேகன் ஆருக்கும் பொருந்தும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. கேத்தலுக்குள் படிகிற அதே வெள்ளைக் கல் றேடியேற்றருக்குள்ளும் படியும். புதிய கார்களில் குழாய்கள் மெல்லியவை, கெதியாக அடைபடும். கராஜுக்கு ‘கார் சூடேறுது அண்ணை’ என்று வந்த வாகனங்களில் பாதிக்கு வருத்தம் இதுதான். கூலன்ற் விடுங்கள், இல்லாவிட்டால் காய்ச்சி வடித்த தண்ணீர். வாளியோடு கிணற்றடிக்குப் போக வேண்டாம்.

உதிரிப்பாகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எஞ்சின் பற்றிப் பயம் வேண்டாம். அது மஸ்டா 323, பமிலியா கார்களுக்குப் போட்ட பி6 வகைக் குடும்பம். நல்ல கையுள்ள எந்த மெக்கானிக்கும் செய்வார். சிக்கல், அந்தக் காருக்கென்று மட்டும் செய்த சாமான்களில்தான். எழும்பிப் படுக்கிற முன் விளக்குகளின் மோட்டார், மெதுகூரை, கதவு ரப்பர், முன் பம்பர். இவற்றைத் தேடிக் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தை முழுக்க நடந்திருக்கிறேன். கிடைக்காவிட்டால் யப்பானில் இருந்து வரவேண்டும், காத்திருக்க வேண்டும்.

என்னுடையதில் மூன்றாம் மாதம் கிளச்சின் கீழ்ச் சிலிண்டர் ஒழுகியது. அந்தக் காருக்கு அது வழமையான வருத்தம், சின்னச் சாமான், பெரிய காசும் இல்லை. கொழும்பில் ஒருவர் தேடி எடுத்து இரவு பஸ்ஸில் போட்டு அனுப்ப ஐந்து நாள். மெக்கானிக்கான எனக்கே ஐந்து நாள் கார் இல்லை. வேகன் ஆருக்கு இதே மாதிரி ஒன்று உடைந்தால், விடிய கழற்றி, ரவுணில் வாங்கிப் பூட்டி, பின்னேரம் ஓட்டிக்கொண்டு போவீர்கள். வித்தியாசம் விலையில் இல்லை, அந்த ஐந்து நாளில் இருக்கிறது. அந்த ஐந்து நாளும் உங்கள் மனைவி சாவகச்சேரிக்கு எப்படிப் போவார்?

இதில் இன்னொன்று. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இந்தக் காரைக் கூடுதலாக ஓட்டப் போகிறவர் உங்கள் மனைவி. நீங்கள் ரவுணுக்கு மோட்டார் சைக்கிளில் போய்விடலாம்; போய்வர முப்பது முப்பத்தைந்து கிலோமீற்றர் ஓடவேண்டியவர் அவர். அவர் பழகியது ஒட்டோ கியரில் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் எந்தக் கார் என்ற கேள்வியை அவரிடம் கேட்டீர்களா? கேள்வி முழுவதிலும் அவருடைய அபிப்பிராயம் ஒரு வரிகூட இல்லை.

பிள்ளை விசயம். ஒன்றரை வயதுப் பிள்ளையைப் பின் இருக்கையில், பிள்ளைகளுக்கான இருக்கையில் பட்டி போட்டு வைப்பதுதான் பாதுகாப்பு. இரண்டு இருக்கைக் காரில் பின் இருக்கையே இல்லை. அந்தக் காலத்து யப்பான் கார் பலவற்றில் காற்றுப்பையும் இல்லை. பிறகு யாராவது காற்றுப்பை உள்ள ஸ்டியரிங்கும் டாஷ்போட்டும் மாற்றிப் போட்டிருந்தால், அந்தப் பக்கத்தில் பின்நோக்கிய பிள்ளை இருக்கை வைப்பது பெரிய ஆபத்து, பை வெடித்தால் இருக்கையைத்தான் அடிக்கும். மடியில் வைத்துக்கொண்டு போவோம் என்று சனம் சொல்லும். சொல்லட்டும், நீங்கள் செய்ய வேண்டாம்.

சரி, அப்பா அம்மாவுக்கு வருவோம். என் கதை முடிந்தது அந்த இடத்தில்தான்.

உரும்பிராயில் ஒரு செத்த வீடு. அப்பாவின் பால்ய சிநேகிதர். அப்பாவுக்கு அப்போது எழுபத்து நான்கு, முழங்கால் வருத்தம், வேட்டி. காரில் ஏறினார், ஏறினார் என்றால் விழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இறங்கத்தான் முடியவில்லை. அந்த வீட்டு முற்றத்தில், பறை அடித்துக்கொண்டிருக்க, இரண்டு பெடியன்கள் கையில் பிடித்துக் கிணற்றில் இருந்து வாளி இழுப்பதைப் போல அவரை வெளியே இழுத்தார்கள். அம்மாவைக் கூட்டிவர நான் இரண்டாம் முறை வீட்டுக்குப் போனேன். திரும்பும்போதும் அப்படியே, இரண்டு நடை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து வேட்டியை உதறிவிட்டு, ‘அடுத்த முறை நான் சைக்கிளில் போறன்’ என்றார்.

எங்கள் ஊரில் கார் வாங்குகிறவர் தனக்கென்று மட்டும் வாங்குவதில்லை என்பதை நான் அன்றைக்கு மறந்திருந்தேன். ஒழுங்கையில் ஒரு கார் நின்றால் அது ஒழுங்கைக்கே கார். இரவு இரண்டு மணிக்கு யாருக்காவது நெஞ்சு நோ என்றால் உங்கள் படலையைத்தான் தட்டுவார்கள். சுண்ணாகத்தில் இருந்து பெரியம்மாவை ஏற்றி வர வேண்டும், நல்லூர்த் தேருக்கு வெளிநாட்டில் இருந்து வந்த மச்சாளைக் காட்ட வேண்டும், கலியாணத்துக்குத் தாம்பாளத்தட்டோடு நாலு பெண்கள் ஏற வேண்டும். இதெல்லாம் தொந்தரவு என்று நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் இரண்டு இருக்கைக் காரை வைத்துக்கொண்டு ‘இடமில்லை’ என்று ஒவ்வொரு முறையும் சொல்லிப் பாருங்கள். மூன்றாம் மாதத்தில் சனம் கேட்பதை நிறுத்திவிடும். அது எனக்கு வலித்தது.

பதினான்கு மாதத்தில் விற்றேன். காரில் பிழை இல்லை. அதை நான் தினமும் வேலைக்கு அனுப்பினேன், அதனால் அதன் மேல் எரிச்சல் வந்தது. கடைசி மாதங்களில் அதைக் கண்டால், நிற்கிற கடன்காரனைப் பார்ப்பது போல இருந்தது. இளவயதில் இருந்து ஆசைப்பட்ட ஒன்றை அப்படிப் பார்க்க நேர்ந்தது, காசு போனதைவிடப் பெரிய நட்டம்.

காசு என்றதும் நினைவுக்கு வருகிறது. என்னுடையது ஊருக்குள் லீற்றருக்கு ஒன்பது, பத்துத்தான் ஓடியது. வேகன் ஆர் ஏசி போட்டுக்கொண்டே அதைப்போல இரண்டு மடங்கு கிட்ட ஓடும். விலை கூடியிருக்கிற காலத்தில் இது சின்ன விசயம் இல்லை. ஆனால் விலையைவிடக் கிடைப்பது முக்கியம் என்று எங்களுக்கு இரண்டு முறை படிப்பித்துவிட்டார்கள்.

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது இங்கே பெற்றோல் மருந்துக்கும் இல்லை. ஏ போட்டிகளும் மொறிஸ் மைனர்களும் எப்படி ஓடின? சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிற்கும். அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் நெருக்கப்படுகிற அளவு, ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று, அதனால் மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டன. இன்றைய ஸ்போர்ட்ஸ் எஞ்சினில் அந்த வேலை பார்த்தால் பிஸ்டன் உடையும். ரொயோட்டா 86 போன்றவற்றுக்குப் 12.5க்கு ஒன்று, 95 ஒக்டேனாவது கேட்கும், அதுவோ எல்லா நிரப்பு நிலையத்திலும் இருக்காது. பிறகு 2022. பெற்றோல் தட்டுப்பாட்டில், யூலையில் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். வேகன் ஆர்க்காரர் அந்த இருபதில் கிழமை முழுக்க ஓடினார்கள். பெரிய எஞ்சின்க்காரர் திங்கட்கிழமை ஓட்டிவிட்டு மற்ற நாள் சைக்கிளைத் துடைத்தார்கள்.

விற்பதைப் பற்றியும் யோசியுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். இடையில் பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போனதை நீங்களும் பார்த்தீர்கள். இங்கே சனத்துக்குத் தெரிந்த கார் நகை மாதிரி, அவசரம் வந்தால் ஒரு கிழமையில் காசாக்கலாம். எம்எக்ஸ்-5க்கு ஆசைப்படுகிறவர் நூறு பேர் வருவார்கள், படம் எடுப்பார்கள், ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்பார்கள், வாங்குகிறவர் ஒருவர். எனக்கு அந்த ஒருவர் வர ஐந்து மாதம் எடுத்தது. முப்பது வருடம் கடந்த காருக்கு லீசிங் கம்பனிகளும் தயங்கும், முழுக் காப்புறுதி கேட்டால் மதிப்பீட்டிலும் இழுபறி வரும்.

வேகன் ஆரைப் புகழ்ந்து தள்ளுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அது உயரமான தகர டப்பா. யப்பானில் அந்த வகைக்கு 3.4 மீற்றர் நீளம், 1.48 மீற்றர் அகலம், 660 சிசி, 64 குதிரைவலு என்று எல்லை வைத்திருக்கிறார்கள், அதற்குள் அடக்கிச் செய்தது. எங்கள் ஒழுங்கையில் எதிரே லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்தாலும் மதிலோடு ஒதுங்க அந்த அகலம் கைகொடுக்கும். ஆனால் வைகாசி ஆனியில் சோளகம் வீசும்போது பண்ணைப் பாலத்தில் ஓட்டிப் பாருங்கள், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடிப்பீர்கள். ஏ9இல் பஸ் முந்திப்போனால் ஆடும். ஓட்டுகிற சுகம் என்று ஒன்றும் கிடையாது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை அதிலும் உண்டு. கியர்ப்பெட்டி சிவிரி (CVT) வகை, பட்டியில் ஓடுகிற ஒட்டோ கியர். எண்ணெய் எப்போது மாற்றினார்கள், சரியான எண்ணெயா என்று கேளுங்கள், ‘மாற்றத் தேவையில்லை’ என்று சொல்கிறவரிடம் வாங்க வேண்டாம். சந்தியில் தானாக நின்று தானாக எழும்புகிற எஞ்சின், அதனால் பற்றரியும் அதற்கென்றே உள்ள வகை, சாதாரணத்தைவிட விலை. இருக்கைக்குக் கீழே சின்ன லிதியம் பற்றரி ஒன்றும் இருக்கிறது. கணினி போட்டு அதன் நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். திருநெல்வேலிக்காரர் தெரிந்தவர் என்பதால் இதைச் செய்யாமல் விட வேண்டாம். தெரிந்தவரிடம் வாங்கிய காரில்தான் கேட்க வெட்கப்பட்டு ஏமாறுவோம்.

இடையில் ஒரு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. மனைவி கியர் பழகத் தயார் என்றால் சுசுகி சுவிப்ற் ஒன்றைக் கியரில் தேடலாம். ஐந்து பேர் ஏறலாம், சாமான் எங்கும் கிடைக்கும், திருப்பத்தில் கையோடு வரும். அதே சுசுகியில் சுவிப்ற் ஸ்போர்ட் 1.4 டேர்போ, 970 கிலோ, 140 குதிரைவலு. கிடைத்தால் நல்லது, ஆனால் உங்கள் காசுக்குள் வராது. ஹொண்டா எஸ்660 பற்றி யாராவது சொல்லுவார்கள்: 660 சிசிதானே, சின்னக் கார்தானே என்று. உண்மை, வடிவான கார், எஞ்சின் நடுவில், ஆறு கியர். ஆனால் அதுவும் இரண்டு இருக்கை, கூரையைக் கழற்றிச் சுருட்டி முன் பெட்டிக்குள் வைத்தால் ஒரு மரக்கறிப் பைக்குக்கூட இடமில்லை. சிக்கல் அப்படியே இருக்கும், எஞ்சின் மட்டும் சின்னதாகும்.

வேகன் ஆரை வாங்கிவிட்டு அதற்குப் பெரிய சைலன்சரும் பின்னால் செட்டையும் பூட்டுகிற பெடியன்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சத்தம் மாறும், கார் மாறாது, பொலிசும் மறிக்கும்.

இவ்வளவும் வாசித்த பிறகும் சிவப்புக் காரைப் பார்க்கப் போவீர்கள் என்றால், போங்கள், பார்ப்பதற்குக் காசு இல்லை. போனால் இவற்றைப் பாருங்கள். முதலில் பதிவுப் புத்தகம்: செஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தில் உள்ளதோடு ஒன்றாக இருக்க வேண்டும். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பாதி வெட்டி ஒட்டியவையும், எஞ்சின் மாற்றிப் பதியாதவையும் நடமாடுகின்றன. ‘ஓபன் பேப்பர்’ என்று, பெயர் மாற்றிப் பதியாமலே நாலு கை மாறிய காரென்றால் வணக்கம் சொல்லிவிட்டு வெளிக்கிடுங்கள். அடுத்தது துரு. மெதுகூரையின் தண்ணீர் வடிகிற துவாரங்கள் இலை குப்பையால் அடைபட்டால் தண்ணீர் கதவுக்குக் கீழுள்ள பெட்டிக்குள் நிற்கும், பின் சில்லுக்கு முன்னால் உள்ளிருந்து உக்கும். மேலே புதுப் பெயின்ற் மினுங்கும். விரலால் தட்டினால் சத்தம் சொல்லும். பற்றரி பின் பெட்டிக்குள் இருக்கிறது. அங்கே சாதாரணப் பற்றரி வைத்திருந்தால் அமிலம் தகரத்தைத் தின்றிருக்கும், விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.

1991 என்றீர்களே, அதில் ஒரு நுணுக்கம் உண்டு. 1991 நடுப்பகுதி வரை செய்த 1.6 எஞ்சின்களில் கிராங் தண்டின் முன்மூக்கு குட்டை; முன் கப்பியைப் பூட்டுகிற இடம் ஆடி, சாவிக்குழி தேய்ந்து, எஞ்சினே போகக்கூடும். பிறகு வந்தவற்றில் மூக்கை நீட்டித் திருத்தினார்கள். கப்பியின் முன்பக்கத்தில் வெட்டு நாலு இருந்தால் குட்டை, எட்டு இருந்தால் நீளம். விற்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். குளிர்ந்த எஞ்சினை எழுப்பும்போது மேலே ‘டிக் டிக்’ என்று கேட்டால் பயப்பட வேண்டாம், எண்ணெய் ஏறியதும் நின்றால் சரி.

அந்தக் கார் இல்லாவிட்டால் இனிக் கிடைக்காது என்று எழுதியிருந்தீர்கள். கிடைக்கும். எண்ணிக்கை குறைவுதான், ஆனால் வைத்திருக்கிறவர்களும் என்னைப் போலப் பதினான்கு மாதத்தில் விற்கிறவர்கள்தான், கார் கை மாறிக்கொண்டே இருக்கும். மகள் பள்ளிக்கூடம் போகிற வயது வரட்டும். வேகன் ஆர் வாசலில் நிற்கட்டும், அதன் சாவி மனைவியிடம் இருக்கட்டும். இடையில் கொட்டிலைப் போடுங்கள். படலை மதகை உயர்த்திச் சரிவாகக் கட்டுங்கள், இது எந்தக் காருக்கும் உதவும். காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் திருத்த வேலைக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். இந்த மூன்றும் இருக்கிற நாளில் எனக்கு எழுதுங்கள், நானே உங்களோடு கொழும்புக்கு வருகிறேன். கண் இன்னும் நன்றாகத்தான் தெரிகிறது, கப்பியில் வெட்டு எண்ணலாம்.

நிறம் கேட்டிருந்தீர்கள், திருநெல்வேலிக் காரோடு இன்னொரு வேகன் ஆரும் விலைக்கு நிற்கிறது, ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளை என்று. கோண்டாவில் செம்மண். கறுப்பு விடிய கழுவினால் பத்து மணிக்குச் சிவப்பாகிவிடும், வெயிலில் கதவுப் பிடியே கையைச் சுடும். வெள்ளையிலும் செம்மண் தெரியும், ஆனால் உள்ளே பிள்ளையை இருத்த நிறையக் குளிர வைக்கத் தேவையில்லை. வெள்ளையை எடுங்கள். கறுப்புக்காரர் விலையைக் குறைப்பார், குறைத்தாலும் வெள்ளைதான்.